தூளும் பொலிஸும் எங்கள் பிள்ளைகளும்

(வட்டக்கச்சியில் 2025 செப்டெம்பரில் நடந்த ஒன்றுகூடலில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. தோட்டங்களில் உள்ள உறுப்பினர்கள் வாசிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



நேற்றிரவு ஹற்றனில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, விடியற்காலை வவுனியாவில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தோம். அந்தத் தேநீரைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டோம். நல்ல தூளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் குப்பைத்தூளை நாங்கள் குடிப்பது நூற்றைம்பது வருடக் கதை. தூள் என்றால் எங்கள் மலையில் தேயிலைத்தூள்தான். இப்போது அந்தச் சொல்லையும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 'அவன் தூள் எடுக்கிறான்' என்று ஒரு தாய் சொன்னால் அவள் எதைச் சொல்கிறாள் என்று இங்கேயுள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது.

தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் செயற்குழுவிலேயே ஒரு தோழர் அப்படிக் கேட்டார். 'சம்பளப் பிரச்சினை இருக்கிறது, லய வீட்டுப் பிரச்சினை இருக்கிறது, தூள்காரனுக்கு நாங்கள் ஏன் சட்டத்தரணி பிடிக்க வேண்டும்?' என்றார். ஒரு மணித்தியாலம் வாக்குவாதம் நடந்தது. காரணம் இதுதான்: கொழுந்தெடுக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலையில் காரியாலயத்துக்கு வந்து அழுதார். சேமலாப நிதி விடயமாக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம். 'என் தங்கச்சி மகன் வட்டக்கச்சியில் இருக்கிறான், அவனைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது, தங்கச்சிக்குச் சிங்களம் தெரியாது, கையில் காசும் இல்லை' என்றார். அதற்குப் பிறகு வேறு வேறு தோட்டங்களிலிருந்து இன்னும் மூன்று பேர் இதே மாதிரி வந்தார்கள். அதோடு அந்த வாக்குவாதமும் முடிந்தது.

நீங்களும் நாங்களும் யார் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். 1977இலும் 1983இலும் லயங்கள் எரிந்தபோது கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர்கள் நீங்கள். காடு வெட்டினீர்கள், அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றீர்கள். 2009 ஜனவரியில் இந்த ஊரையும் விட்டு ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டீர்கள். உங்களில் எத்தனையோ பேரிடம் இன்றைக்கும் காணிப் பத்திரம் ஒழுங்காக இல்லை. இந்தக் காணிப் பத்திரத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் அது திரும்பவும் வரும்.

அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது. பெயர் சொல்ல மாட்டோம். கொழும்பில் ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை செய்தான். பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுகொண்டே வேலை, இரவில் அதே கடையின் மேல்மாடியில் பத்துப் பேரோடு படுக்கை. பழகியது அங்கேதான். ஊருக்கு வந்து மணல் ஏற்றப் போனான். வீட்டில் முதலில் காஸ் சிலிண்டர் காணாமல் போனது, அடுத்தது சைக்கிள், பிறகு தண்ணீர் இறைக்கும் மோட்டார். தாய் எட்டு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூத்த மகளின் கலியாணம் நின்றுவிடும் என்று பயந்தாள். கடைசியில் பொலிஸார் பிடித்தபோது அவன் சட்டைப்பையில் இருந்தது நூற்றுச் சொச்சம் மில்லிகிராம் ஹெரோயின்.

நூறு மில்லிகிராம் என்றால் ஒரு கிராமில் பத்திலொரு பங்கு, கால் கரண்டி சீனிகூட வராது. இந்தத் துளிப் பொட்டலம் ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் போனால் அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கடந்த சில மாதங்களாக நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். எங்கள் வாழ்நாளில் பொலிஸை நாங்கள் பார்த்ததெல்லாம் வேலைநிறுத்தத்தின்போதுதான். துரை டெலிபோன் எடுத்தால் ஜீப் வரும். அதனால் பொலிஸுக்காகப் பரிந்து பேச எங்களுக்கு ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

பொட்டலத்தை நிறுக்க வேண்டும். மில்லிகிராம் நிறுக்கிற தராசு இல்லாவிட்டால் நகைக்கடை, அடகுக்கடை என்று தேடிப் போகிறார்கள். சந்தேகநபருக்கு முன்னால் உறையில் போட்டு முத்திரையிட வேண்டும். சான்றுப்பொருள் புத்தகத்தில் இலக்கம் போட வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் எழுத வேண்டும். அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் வழக்கு நிற்காது. பிறகு அது கொழும்புக்கு, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகிறது. நாடு முழுவதும் பிடிபடுகிற தூள் எல்லாம் போய்ச் சேருகிற இடம் அதுதான். அறிக்கை வர மாதக் கணக்காகும். அறிக்கை வராமல் தூய ஹெரோயின் எவ்வளவு என்று தெரியாது, அது தெரியாமல் குற்றப்பத்திரம் முடியாது. அதுவரை ஒவ்வொரு தவணையிலும் 'அறிக்கை கிடைக்கவில்லை, கனம் நீதவான் அவர்களே' என்று சொல்வதற்காக ஒரு உத்தியோகத்தர் காலையிலிருந்து நீதிமன்றத்தில் நிற்கிறார். பிடித்தவர் இதற்கிடையில் காலிக்கோ மாத்தறைக்கோ இடம் மாறிப் போயிருப்பார், சாட்சி சொல்ல அங்கிருந்து வர வேண்டும்.

அந்த நேரத்தில் நிலையத்தில் என்ன நடக்கிறது? குடித்துவிட்டு அடித்த கணவன்மீது முறைப்பாடு கொடுக்க வந்த பெண் வாங்கிலே உட்கார்ந்திருக்கிறாள். வேலியை வெட்டி எல்லையைத் தள்ளிப் போட்டவன்மீது முறைப்பாடு கொடுக்க வந்தவருக்கு 'நாளைக்கு வாங்கோ' என்று பதில். நாளைக்கு வந்தாலும் நாளைக்குத்தான். தூளுக்காகத் திருட்டு கூடுகிறது, திருட்டைத் தேடிப் போக ஆள் இல்லை, ஆள் எல்லாம் தூள் வழக்கோடு நீதிமன்றத்தில்.

அடுத்தது மறியல் அறை. ஹெரோயின் பொப்பிச் செடியின் பாலில், அதாவது அபினில் இருந்து வருகிற சாமான். மோர்பின் அதன் அண்ணன். மருந்துக்கடையில் கடும் நோவுக்குக் கொடுக்கிற ட்ரமடோல் குளிசையும் உடம்புக்குள் போனால் அந்தக் குடும்பத்தைப் போலவே வேலை செய்கிறது. ஐஸ் என்று சொல்கிறார்களே, அது வேறு சாதி, அது ஆளை நித்திரை இல்லாமல் துள்ள வைக்கும். அபின் குடும்பம் ஆளை அமத்திப் போடும், மூச்சையும் அமத்தும். பழகிய உடம்புக்குக் கடைசிப் பொட்டலம் கிடைத்து அரை நாள் போனால் கொட்டாவி வரும், மூக்கும் கண்ணும் ஒழுகும். இரண்டாம் மூன்றாம் நாள் எலும்புக்குள் குத்து, வாந்தி, வயிற்றோட்டம், குளிர், நித்திரையே இல்லை. ஒரு கிழமையில் உடம்பு ஓரளவு தணியும், ஆசை தணியாது. இதைப் பற்றி ஒரு வகுப்பும் படிக்காத ஒரு கான்ஸ்டபிள் இரவு இரண்டு மணிக்கு அந்த அறைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருப்பவன் நடிக்கிறானா, சாகப் போகிறானா என்று அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் காவலுக்கு இரண்டு பேர் வேண்டும், இருப்பதே நான்கு பேர். கொண்டுபோகாமல் செத்துவிட்டால் அவருடைய தலை போகும்.

சாப்பாடு கொண்டுபோன அந்தத் தாயிடம் அப்படி ஒரு கான்ஸ்டபிள் அரைத் தமிழில் சொன்னாராம்: 'அம்மே, இவன பார்க்க எனக்குப் பயம். நீங்க கொஞ்ச நேரம் இங்க இருங்க.' தன் மகனைப் பிடித்தவர்களில் ஒருவர் தன்னிடமே உதவி கேட்டதை அந்தத் தாய் எங்களிடம் ஆச்சரியத்தோடு சொன்னாள்.

தோழர்களே, அந்தக் கான்ஸ்டபிளுக்குச் சங்கம் கிடையாது. நாங்கள் பதிவு பெற்றிருக்கிற 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமே பொலிஸாரையும் சிறை உத்தியோகத்தர்களையும் வெளியே வைத்திருக்கிறது. பதினாறு மணித்தியாலக் கடமையைப் பற்றி அவர் யாரிடமும் கூட்டாகப் பேச முடியாது. லீவு கிடைக்காவிட்டால் பெரியவரிடம் தனியாகக் கெஞ்ச வேண்டும். இப்படி ஒருவரிடம், அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விடப் பெறுமதியான சாமானைச் சாவியோடு கொடுத்து வைத்திருக்கிறது அரசாங்கம்.

அதனால் என்ன நடக்கும் என்பதற்கு 2020ஐப் பாருங்கள். 1973இல் தொடங்கப்பட்ட பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம்தான் இந்த நாட்டில் தூளுக்கு எதிரான தலைமை இடம். அந்தப் பணியகத்தைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்ட உத்தியோகத்தர்கள் அந்த வருடம் கைதானார்கள். பிடித்த தூளைத் திரும்பக் கடத்தல்காரனுக்கே விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. மற்ற உத்தியோகத்தர்களைப் பற்றியெல்லாம் அதை வைத்து முடிவெடுக்க நாங்கள் சொல்லவில்லை. நேர்மையான உத்தியோகத்தர்களுக்குத்தான் அது பெரிய அடி. அடுத்த நாள் அவர்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும், 'இவரிடம் தகவல் சொன்னால் அது எங்கே போகும்?' என்ற கேள்வி கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

வன்னியில் அந்தக் கேள்வி இரண்டு மடங்கு. சண்டைக் காலத்தில் இந்தச் சாமான் இங்கே இருக்கவில்லை, இத்தனை முகாமும் சோதனைச் சாவடியும் வந்த பிறகுதான் வந்தது, அப்படியென்றால் யார் விட்டது என்று நீங்கள் கேட்கிறீர்கள். இன்று காலையில் இருந்து எங்களிடம் ஐந்து பேராவது இதைக் கேட்டுவிட்டார்கள். திட்டமிட்டு விட்டார்கள் என்று சொல்ல எங்கள் கையில் ஆதாரம் இல்லை, ஆகவே சொல்ல மாட்டோம். ஹெரோயின் இந்த நாட்டுக்கு 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இரண்டு கிராமுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று 1984இல் சட்டத்தைத் திருத்தியது அதனால்தான். ஈரான், பாகிஸ்தான் கரையிலிருந்து தெற்குக் கடலுக்கு வள்ளத்தில் வருகிறது. 2019 பெப்ரவரியில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் மட்டும் 294 கிலோ பிடித்தார்கள். வீதி திறந்த பிறகு, பிள்ளைகள் வேலைக்குக் கொழும்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, அது வடக்குக்கு வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஆனால் உங்கள் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். சீருடையைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம் உங்களுக்குப் போகவில்லை. அப்படிப்பட்ட ஊரில் யார் போய்ப் பொலிஸாரிடம் 'அந்த ஒழுங்கையில் விற்கிறான்' என்று சொல்வார்? சொன்ன ஆளின் பெயர் அன்று பின்னேரமே விற்கிறவனுக்குத் தெரிந்துவிட்டது என்று இங்கே ஒரு கதை இருக்கிறது. கதை உண்மையோ பொய்யோ, அதைக் கேட்ட எவரும் வாய் திறப்பதில்லை. தகவல் வராத பொலிஸ், கையில் அகப்படுகிற குடிக்கிறவனைத்தான் பிடிக்கும். விற்கிறவன் மோட்டார் சைக்கிளில் போய்விடுவான்.

இதோடு பாஷை. தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. இந்தப் பையனின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டான். அதில் என்ன இருந்தது என்று மூன்றாம் தவணையில்தான் அவனுக்குத் தெரிந்தது. அந்த நிலையத்தின் பெயரை நாங்கள் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது அந்த ஒரு நிலையத்தின் குறை இல்லை. ஒரு தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் மூன்று நிலையங்களுக்கு ஓடுகிறார்.

பிணைக்கு வருவோம். தூய அளவு கூடினால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்குச் சட்டத்தரணிக் கூலி வேறு. இவனுக்கு அளவு குறைவு, நீதவான் சரீரப் பிணை இரண்டு பேர் கேட்டார். பிணையாளிக்கு நிலையான வதிவிடம் என்று கிராம அலுவலர் அத்தாட்சி தர வேண்டும். சித்தப்பா வந்தார். காணிப் பத்திரம் இல்லாததால் அத்தாட்சிக்கே பத்து நாள் அலைந்தார். நான்கு நாள் கூலியும் போனது. அந்தப் பத்து நாளும் பையன் யாழ்ப்பாணச் சிறையில். எங்கள் நாட்டுச் சிறைகளில் கொள்ளக்கூடியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள், அதில் பெரும்பங்கு போதைப்பொருள் வழக்கு. உள்ளே யாரோடு படுக்கிறான், யாரிடம் டெலிபோன் நம்பர் வாங்குகிறான் என்று நாங்கள் சொல்லவா வேண்டும்? தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே இருப்பவர்களும் ஆயிரக்கணக்கில். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் எங்கள் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்கினார்கள். அதில் தண்டம் கட்டிப் பாருங்கள்.

2023 டிசம்பர் 17ஆம் திகதி 'யுக்திய' என்று ஒரு நடவடிக்கை தொடங்கினார்கள். அந்தச் சொல்லுக்கு நீதி என்று அர்த்தமாம். ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேல் கைது என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2024 ஜனவரியில் கவலை தெரிவித்தது. ஒவ்வொரு நாளும் செய்தியில் இத்தனை பேர், இத்தனை கிராம் என்று எண்ணிக்கை சொன்னார்கள். தோட்டத்திலே கங்காணி மாலையில் கொழுந்து நிறுப்பது எங்களுக்குத் தெரியும். நிறை காட்ட வேண்டும் என்று நெருக்கினால் என்ன செய்வோம்? முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்துப் போடுவோம். பொலிஸ் நிலையத்துக்கும் நிறை கேட்டார்கள். ஏற்கெனவே ஒரு தரம் பிடிபட்டவன், பட்டியலில் பெயர் உள்ளவன், சந்தியில் நிற்கிறவன் எல்லாரும் கூடைக்குள் விழுந்தார்கள். அதை நடத்திய அன்றைய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனை 2025 ஓகஸ்ட்டில் பாராளுமன்றம் பதவி நீக்கியது. அது வேறு காரணங்களுக்காக. அந்த நடவடிக்கைக்குப் பிறகு இந்த ஊரில் தூள் கிடைப்பது நின்றதா என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கேட்டோம். இரண்டு கிழமை விலை கூடியது என்றார்கள். அந்த இரண்டு கிழமையில்தான் வீட்டுச் சாமான் அதிகம் களவு போனது.

தூக்கில் போட்டால் சரி என்று சொல்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். முன் வரிசையில் ஒரு ஐயா தலையாட்டுகிறார். ஐயா, இந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை. 2019இல் அன்றைய ஜனாதிபதி நான்கு பேருக்குக் கையெழுத்து வைத்தார், உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பிலிப்பைன்ஸில் 2016இலிருந்து சுட்டே தள்ளினார்கள், ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் எங்களைப் போன்ற சேரி மக்கள். அதற்கு உத்தரவிட்ட டுட்டெர்டே 2025 மார்ச்சில் கைதாகி ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சிறையில் அடைக்கப்பட்டார். தூள் அங்கே இன்னும் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்த அபின் குடும்பம் ஆஸ்பத்திரிக் குளிசையாக உள்ளே வந்து, பிறகு ஹெரோயினாகி, இப்போது ஃபென்டனில் என்ற பயங்கரச் சாமானாகி நிற்கிறது. 2021 முதல் மூன்று வருடம், வருடத்துக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் அளவு மீறிய போதையில் செத்தார்கள். அங்கே பல ஊர்களில் ரோந்து போகிற பொலிஸ்காரரின் பையில் துப்பாக்கியோடு நலொக்சோன் என்ற மருந்தும் இருக்கிறது. மூச்சு அமந்து நீலமாகிக் கிடப்பவனின் மூக்கில் அடித்தால் சில நிமிடத்தில் எழும்பிவிடுவான். கைது செய்யப் போன ஆளே வைத்தியம் செய்கிறார். அதனால் அங்குள்ள பொலிஸாரும் களைத்துப் போனார்கள், ஒரே பையனை ஒரே கிழமையில் இரண்டு தரம் எழுப்ப வேண்டியிருக்கிறது என்று. போர்த்துக்கல் 2001இல் வேறு வழி எடுத்தது. சொந்தப் பாவனைக்குக் கொஞ்சம் வைத்திருந்தால் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் வைத்தியம், ஆலோசனை சார்ந்த ஒரு குழுவிடம் அனுப்பினார்கள். அதை நாளைக்கே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டோம். அவர்களிடம் குழுவில் உட்கார வைத்தியர்கள் இருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் டிஸ்பென்சரியைத் திறக்கவே ஆள் இல்லை.

இங்கே வைத்தியம் என்று சொன்னால் உடனே வருகிற சொல் புனர்வாழ்வு. வன்னியில் இந்தச் சொல்லை நாங்கள் கவனமாகத்தான் வாயில் எடுக்க வேண்டும். 2009க்குப் பிறகு உங்கள் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரை முட்கம்பிக்குள் வைத்ததற்கும் இதே பெயர்தான். இப்போது தூள் எடுத்தவர்களை நீதிமன்றம் அனுப்புகிற கந்தக்காடு முகாமும் அதே புனர்வாழ்வுப் பணியகத்தின் கீழ்தான். அங்கே 2022 ஜூனில் ஒரு இளைஞர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள், அந்த மரணம் தொடர்பாகப் படையினர் சிலர் கைதானார்கள். தன் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள் என்று ஒரு தாய் கேட்டால் அவளுக்கு அறிவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு விடயம், இது பொலிஸாருக்கும் தெரிய வேண்டும், உங்களுக்கும் தெரிய வேண்டும். சிறையிலோ முகாமிலோ சில மாதம் தூள் இல்லாமல் இருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து முதல் கிழமையில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். விடுதலையான அன்று வீட்டில் கோழி அடித்துச் சமைத்துவிட்டு ஆளைத் தனியே விடாதீர்கள். அந்த இரண்டு கிழமையும் யாராவது கூட இருக்க வேண்டும். குறட்டை மாதிரி ஒரு கர்கர் சத்தம் வந்து, உதடு நீலமானால், நித்திரை என்று விடாதீர்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பொலிஸ் வரும் என்ற பயத்தில் பிள்ளையைச் சாகவிட வேண்டாம்.

அப்படியென்றால் நாங்கள் என்ன கேட்கிறோம்? விற்கிறவனைப் பிடிக்க வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டோம். பிடியுங்கள், பெரியவனைப் பிடியுங்கள். பகுப்பாய்வு அறிக்கைக்கு எல்லாம் கொழும்புக்கே போக வேண்டியதில்லை, வடக்குக்கு ஒரு ஆய்வுகூடம் வேண்டும். அது வந்தால் பையன்களின் விளக்கமறியலும் குறையும், பொலிஸாரின் நீதிமன்ற நாளும் குறையும். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும், எழுத ஆள் இல்லாவிட்டால் எழுதும்வரை கையெழுத்து இல்லை. இதை நீங்களே சொல்லலாம், அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. மறியல் அறையில் வாந்தி எடுக்கிறவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது நிலையப் பொறுப்பதிகாரியின் தயவில் தங்கியிருக்கக் கூடாது. கிளிநொச்சியில் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து, முட்கம்பி இல்லாமல், பிள்ளை பின்னேரம் வீட்டுக்கு வரக்கூடிய சிகிச்சை வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையில் கையெழுத்து வைக்க ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் தயார் என்று எங்களிடம் சொன்னார். வைக்க மாட்டார், வேலை போய்விடும். ஆனால் சொன்னார்.

அடித்தால் 1996க்கு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு, அழையுங்கள். சித்திரவதை 1994இன் 22ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், அடி வாங்கியவன் தூள் எடுப்பவனாக இருந்தாலும். எங்கே சிகிச்சை என்று கேட்கத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது. தமிழில் பேசுவார்களா என்று இங்கே இருந்தே ஒரு தங்கச்சி கேட்கிறாள். இன்று பின்னேரம் எங்கள் டெலிபோனிலிருந்தே எடுத்துப் பார்ப்போம், பேசாவிட்டால் அதுவும் எங்கள் கடிதத்தில் போகும்.

சங்கத்தின் பக்கத்தில் ஒரு சின்ன நிதி வைத்திருக்கிறோம். முதல் தவணைக்குச் சட்டத்தரணிக் கூலியும், பிணையாளியின் பஸ் காசும், கூலி போன நாளுக்கு ஏதோ கொஞ்சமும் கொடுக்க அது காணும். தோட்டத்து உறுப்பினர்கள் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட காசு அது. விற்றவனுக்கு அதில் ஒரு சதமும் இல்லை என்று செயற்குழுவில் முடிவாகிவிட்டது. யார் எடுப்பவன், யார் விற்பவன் என்பதில் எப்போதும் கோடு நேராக இருக்காது, எடுப்பதற்காகவே இரண்டு பொட்டலம் விற்கிறவனும் இருக்கிறான். அவனை என்ன செய்வது என்று எங்களுக்குள் இன்னும் முடிவு வரவில்லை. இன்றைய கலந்துரையாடலில் நீங்களும் சொல்லுங்கள்.

அந்தப் பையன் இப்போது பிணையில் வெளியே இருக்கிறான். இங்கே வரச் சொன்னோம், வெட்கப்படுகிறான், வரவில்லை. தாய் வந்திருக்கிறார், பின்னால் அந்த வேப்ப மரத்தடியில் இருக்கிறார். அடுத்த தவணை வருகிற 23ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கு. போன தவணைக்கு அவர் தனியாகப் போய் வாசலில் நின்றார். இந்த முறை கூடப் போகச் சிங்களம் தெரிந்த ஒருவரும் பெண்கள் இரண்டு பேரும் வேண்டும். காலை ஏழரை பஸ்ஸில் ஏற வேண்டும். கூட்டம் கலைவதற்கு முன் மேசையில் உள்ள கொப்பியில் பெயர் எழுதுங்கள்.